மிக்கேல் மாமாவுக்குப் போட்ட தங்கப் பல்

மக்கா,

முதல்ல என் சங்கதி. உசுரோட இருக்கேன். முட்டுவலி மட்டும் என்னைய விட்டுப் போகமாட்டேங்கு, மத்தவங்க எல்லாரும் போயாச்சு. உனக்கும் மருமகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாதுன்னு மாதா படத்துக்கு முன்னால தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், அதனால அதத் திரும்பவும் எழுதித் தாளை வீணாக்கல. இது இன்லாண்டு லெட்டர்ல அடங்குற விஷயம் இல்ல. அதான் கடையில முழுத்தாளா வாங்கிட்டு வந்து, உங்க அப்பா மேசையில உக்காந்து எழுதுதேன். பாதி படிச்சுட்டு மடக்கி வச்சுருவோம், மீதிய ஞாயித்துக்கிழமை பாத்துக்குவோம்னு நினைச்சிராதல. உன்னைய எனக்குத் தெரியாதா. கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்.

செவ்வாய்க்கிழமை உன் லெட்டர் வந்துச்சு. மெட்ராஸ்ல தண்ணிக் கஷ்டம், மருமக மீன்குழம்பு வைக்கப் பழகிட்டா, கிளினிக்குக்குப் புது நாற்காலி வந்திருக்கு, எல்லாம் சந்தோசமாப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல நாலே நாலு வரி. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு நீ பல்லுக்குப் பிரிட்ஜ் கட்டியிருக்க. மூணு தடவை வந்து வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. தட்டிப் பாத்தா ஒண்ணுமில்ல, எக்ஸ்ரேயிலயும் ஒண்ணுமில்ல, ஆளு சந்தேகப் பிராணி, 'வலி பல்லுல இல்ல சார், உங்க மனசுலதான்'னு சொல்லி அனுப்பிட்டேன், இனிமே வரமாட்டாருன்னு எழுதியிருக்க. ஏதோ சனியன் விட்டுச்சுங்கிற மாதிரி. அந்த நாலு வரியத் திருப்பித் திருப்பிப் படிச்சதுல அடுப்புல கெடந்த மீன் கருகி, குசினி பூரா புகை. ஏலே, இந்த வார்த்தைய நீ எங்கருந்துல படிச்ச? காலேஜ்ல சொல்லித் தந்தாங்களா? இதே வார்த்தைய உங்க அப்பா இந்த வீட்டுக் கீழ்க்கட்டு கிளினிக்குல, அந்தப் பல்லு நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு சொன்னதை நான் என் காதால கேட்டேன். சொன்னது உன் மிக்கேல் மாமாட்ட. அன்னையிலருந்து ஏழு வருஷமா என் கூடப் பொறந்தவன் இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கல. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் 'மாமா ஏம்மா வாரதில்ல'ன்னு கேப்ப. 'அவனுக்கு வேலை'ன்னு சொல்லுவேன். பச்சைப் பொய். இன்னைக்கு உண்மையச் சொல்லிருதேன். சொல்லாம விட்டா அந்த வாத்தியாரையும் நீ இன்னொரு மிக்கேலா ஆக்கி விட்டுருவ.

தனியா எப்படிம்மா இருக்கன்னு கேட்டிருந்த, அதையும் மறைக்கல. மீன்காரி காலையில வந்து கூடைய இறக்குதா. நாலு சாளை போதும்ளான்னா, 'ஏன்க்கா, பூனைக்கா?'ங்கா. எனக்குத்தான்ளான்னு சொல்லுறதுக்கு வெக்கமாயிருக்கு, ஆமா பூனைக்குத்தான்னு சொல்லி வாங்கிக்கிடுதேன். சிலோன் ரேடியோவ காலையிலயே திருகி விட்டுருதேன். பாட்டுக்கு இல்ல, வீட்டுக்குள்ள யாராவது பேசிக்கிட்டு இருக்கணும்ல. சில நாள் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போதுதான் ஞாபகம் வரும், அடடா, இன்னைக்கு நாம இன்னும் யார்ட்டயும் ஒரு வார்த்தை பேசலையேன்னு. அப்பா செத்ததால டாக்டரம்மா தனியாப் போயிட்டான்னு ஊரு பேசுது. பாதிதான் நெசம். மீதி நானும் உங்க அப்பாவும் நாங்களே தேடிக்கிட்டது. இதே ஊர்ல, பஸ் ஏறினா அரை மணி நேரத்துல, என் தம்பி குடியிருக்கான். பேச்சு வார்த்தை கிடையாது. உங்க அப்பாவை அடக்கம் பண்ணுன அன்னைக்குக் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு, மண்ணு போடுற நேரத்துல போயிட்டான். போன வருஷம் உன் கல்யாணத்துல மாமன் மோதிரம் போடுற இடத்துல உங்க அப்பாவோட ஒண்ணுவிட்ட தம்பி நின்னாரு. போட்டோவுல பாரு, நான் சிரிக்கிற மாதிரி இருக்கும். சிரிக்கல, பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

மிக்கேல் எனக்கு எட்டு வயசு இளையவன். அவன் கைக்குழந்தையா இருக்கும்போதே எங்க அம்மா போயிட்டா. இடுப்புல தூக்கி வச்சு, கஞ்சி ஊட்டி, கோயில்ல கத்தாம வாயப் பொத்தி வளத்தது நான். அவன் சங்கு குளிக்கிறவன்னு உனக்குத் தெரியும், ஆனா எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியாது. முத்துக்குளி எப்பவாவது ஒரு தடவை வரும், போகும். நம்ம ஆளுகளுக்கு வருஷா வருஷம் சோறு போடுறது சங்குதான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எட்டு பாகம் ஆழம் இறங்குவான். ஒரு ஆளு ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிற நீளம் ஒரு பாகம், அப்படி எட்டு. கீழ போயி, நிதானமாத் தேடி எடுத்துட்டு, ஏதோ மாடியில துணி காயப்போட்டுட்டு வாரவன் மாதிரி மேல வருவான்னு வள்ளத்துல கூடப் போறவங்க சொல்லுவாங்க. நம்ம வீட்டுக்கு வந்தான்னா தெரு முனையிலயே சத்தம் கேக்கும். 'எக்கா, சோறு இருக்கா, எல்லாம் அத்தானுக்கேவா?' உங்க அப்பாவப் பாத்து, 'நீங்க அடுத்தவன் வாயத் தொறக்க வச்சுப் பொழைக்கீக, நான் என் வாய மூடிப் பொழைக்கேன், ரெண்டு பேர்ல யாரு யோக்கியன் அத்தான்?'ம்பான். உங்க அப்பா அவ்வளவு லேசுல சிரிக்கிற மனுசன் இல்ல. அவன் வந்தா சிரிப்பாரு.

ஒரு நாள் கயித்து முடிச்சைப் பல்லால அவுக்கப் போயி, கீழ்க் கடவாப்பல்லு ஒண்ணு பாதி பேந்து போச்சு. வந்து உக்காந்து, 'புடுங்கி எறிங்க அத்தான்'னான். புடுங்கியிருக்கலாம். ஆனா அப்பத்தான் உங்க அப்பா பல்லு மேல மூடுற கேப்பும், பல்லு போன இடத்தச் சேத்துக் கட்டுற பிரிட்ஜும் போட ஆரம்பிச்சிருந்தாரு. அது வரைக்கும் இந்த ஊர்ல பல்லு டாக்டர்னா புடுங்குறவரு, பல்செட் கட்டுறவரு, அவ்வளவுதான். 'என் மாப்ள வாயில நான் தங்கம் வைக்கேன் பாரு, ஊரே பாக்கட்டும்'னாரு. மத்தவங்கள மட்டும் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசைதான். என் தம்பி சிரிச்சா தங்கம் தெரியணும்னு நானும்தான் சொன்னேன். அவன் மட்டும்தான் வேண்டாம்னான். 'கடலுக்குள்ள எனக்கு எதுக்குக்கா தங்கம், மீனு பாக்கவா?'ன்னான். நாங்க ரெண்டு பேரும் சேந்து அவனைச் சம்மதிக்க வச்சோம்.

கேப் ஒட்டுற நாளு பங்குனி வெயில். நான் உங்க அப்பாவுக்குக் கையாளு, கேப்பை ஒட்டுற சிமெண்ட் கலக்குறது என் வேலை. நீ படிச்ச டாக்டர், உனக்கு நான் இதைச் சொல்லணும்னு இல்ல, ஆனாலும் எங்க தப்பு நடந்துச்சுன்னு நீ கண்ணால பாக்கணும். கண்ணாடிப் பலகையைப் பானைத் தண்ணியில முக்கி, ஈரம் போகத் துடைச்சு, குளுகுளுன்னு இருக்கும்போது அதுல திரவத்த விட்டு, பொடிய ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக் கலக்கணும். இந்த ஊரு வெயிலுக்குப் பலகை சூடா இருந்தா சிமெண்ட் கண்ணு முன்னாலயே இறுகிரும். அன்னைக்கு உடன்குடியிலருந்து கருப்பட்டி யாவாரி அண்ணாச்சி ஒருத்தர் வந்திருந்தாரு. பிரிட்ஜ் கட்டலாமா வேண்டாமான்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டே இருந்த ஆளு. உங்க அப்பாவுக்கு ஒரு நினைப்பு, இவரைப் பக்கத்துல நிக்க வச்சு மிக்கேலுக்குப் போட்டுக் காட்டினா மனசு மாறிருவாருன்னு. 'ஏளா, சீக்கிரம்'னாரு. பலகை ஜன்னல் திட்டுல வெயில்ல கெடந்துச்சு. நான் அத அப்படியே எடுத்துக் கலக்கிட்டேன். கலக்கும்போதே கைக்குத் தெரிஞ்சுட்டு, சுண்ணாம்பு மாதிரி கட்டியாகுது. 'இறுகுது, வேற கலக்குதேன்'னு மெதுவாச் சொன்னேன். அவரு அண்ணாச்சிய ஒரு பார்வை பாத்துட்டு, என்னைய ஒரு பார்வை பாத்தாரு. கொடுங்கிற பார்வை. நான் கொடுத்துட்டேன். அவரு தப்பு அவரோட போச்சு. நான் கொடுத்தேன் பாரு, அது என் தப்பு, அது இன்னும் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு.

கேப் முழுசா இறங்கல. 'கடி மாப்ள'ன்னாரு. 'தூக்கலா இருக்கு அத்தான், இந்தப் பக்கம் மட்டும்தான் முட்டுது'ன்னான். அந்த இடத்துல நிறுத்தியிருக்கணும். வெட்டி எடுத்துட்டு, வேற கேப் செஞ்சு, குளிர்ந்த பலகையில புதுசாக் கலந்து போட்டிருக்கணும். ஆனா அண்ணாச்சி முன்னால எப்படி வெட்டி எடுக்கிறது? மானம் போயிருமே. மிஷினை எடுத்து தங்கத்து மேல ராவினாரு. பத்தலன்னு மேல் பல்லையும் கொஞ்சம் ராவினாரு. 'இப்ப?' 'இப்ப சரிதான் அத்தான்.' அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, 'பிரமாதம் டாக்டர், அப்ப எனக்கும் ஒரு நாள் குறிச்சிருங்க'ன்னாரு. மிக்கேல் கண்ணாடியில ஈன்னு காட்டிப் பாத்துட்டு, 'எக்கா, இனி எவனும் என்கூடச் சண்டைக்கு வரமாட்டான், பல்ல உடைச்சா போலீசு கேஸாயிரும்'னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சான். நானும் சிரிச்சேன் மக்கா. அந்தச் சிமெண்டு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சேன்.

கரையில அவனுக்கு ஒரு வலியும் இல்ல. சோறு தின்னான், வெத்தலை போட்டான், ஐஸ் தண்ணி குடிச்சான். கடல்ல இறங்குன அன்னைக்குத்தான் வந்துச்சு. அஞ்சு பாகம் தாண்டினதும் பல்லப் பொளக்குற மாதிரி வலி, கண்ணு இருட்டிட்டு, வெறுங்கையோட மேல வந்துட்டான். வள்ளத்துல ஏறினதும் வலியக் காணோம். மறுபடி இறங்கினான், மறுபடி அதே வலி. நேரா கிளினிக்குக்கு வந்தான். உங்க அப்பா தட்டிப் பாத்தாரு, பச்சைத் தண்ணி விட்டுப் பாத்தாரு, ஒண்ணுமில்ல. புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்னாரு. நாலு நாள் கழிச்சு வந்தான், அதே பதில். மூணாவது தடவை அவன் வந்தப்ப கிளினிக் நிறைய ஆளு. 'அத்தான், இதக் கழட்டிருங்க, என்னால இறங்க முடியல'ன்னான். எல்லாரும் பாக்காங்க, அந்த உடன்குடி அண்ணாச்சியும் அளவு குடுக்க வந்து உக்காந்திருக்காரு. உங்க அப்பாவுக்கு முகம் செவந்துட்டு. சத்தமாச் சொன்னாரு: 'மாப்ள, பல்லுல ஒண்ணுமில்ல. கரையில வலிக்காத பல்லு கடல்ல மட்டும் வலிக்குமா? போன சீசன்ல உன் கூட்டாளி முங்கினவன் மேல வரல பாரு, அதுலருந்து உனக்குப் பயம் புடிச்சிட்டு. வலி பல்லுல இல்ல, மனசுல.' மிக்கேல் திரும்பினான். என்னையப் பாத்தான். அக்கா ஏதாவது சொல்லுவான்னு பாத்தான். எனக்குத் தெரியும்ல, அந்தச் சிமெண்டு. நான் பஞ்சைச் சுருட்டிக்கிட்டே நின்னேன். அவன் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அங்க உக்காந்திருந்தவங்க வாய் சும்மா இருக்குமா? ரெண்டே நாள்ல கடற்கரை பூராவும் தெரிஞ்சுட்டு. 'பல்வலி மிக்கேல்'னு பேரு வச்சுட்டாங்க. வள்ளத்துல ஏறினா, 'ஏலே, இன்னைக்குப் பல்லு எப்படி இருக்கு, இறங்குமா இறங்காதா?'ன்னு கேலி. ரெண்டு தடவை இறங்கி வெறுங்கையோட வந்தான், மூணாவது தடவை வள்ளத்துக்காரரே இன்னொருத்தனை ஏத்திக்கிட்டாரு. அடுத்த சீசன்ல அவன் போகவே இல்ல. முத்தையாபுரம் பக்கம் வீடு பாத்துப் போயி, உப்பு லாரிக்கு லோடு ஏத்தப் போயிட்டான். அவன் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்துலயே 'பல்வலி மக'ன்னு கூப்பிட்டிருக்காங்க. அது எனக்கு அப்பத் தெரியாது, இப்பத்தான் தெரியும்.

ரெண்டு வருஷம் கழிச்சு அவன் பெண்டாட்டி ரோசம்மா ஒரு நாள் வந்தா. உக்காரச் சொன்னா உக்காரல. நண்டு கடிக்கும்போது கேப் தானா கழண்டு வந்துட்டாம், 'டாக்டர் பொருளு டாக்டர்ட்டயே இருக்கட்டும்னு சொன்னாவ'ன்னு ஒரு தாள்ல மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா. உங்க அப்பா அத ஜன்னல்கிட்ட கொண்டு போயிப் பாத்தாரு. உள்ள ஒரு பக்கம் சிமெண்டே இல்ல. மிளகு அளவுக்குப் பள்ளம், வெறும் காத்து இருந்த இடம். அப்புறம் அலமாரியிலருந்து காலேஜ்ல படிச்ச பழைய புஸ்தகத்த எடுத்து எதையோ தேடினாரு. ஒரு பக்கத்துல விரலை வச்சாரு. என்னன்னு கேட்டேன். விமானத்துல உயரப் போறவங்களுக்கும் தண்ணிக்குள்ள ஆழமாப் போறவங்களுக்கும் கேப்புக்கு அடியில காத்து அடைபட்டிருந்தா வலிக்கும்னு போட்டிருக்குளான்னாரு. படிச்சதுதானாம், மறந்துட்டாராம். புஸ்தகத்த மூடினாரு. 'போய் சொல்லிருவோம்ங்க'ன்னேன். 'சொன்னா கிளினிக் போயிரும். பையன் படிப்பு முடியட்டும், அப்புறம் பாப்போம்'னாரு. உன் படிப்பு முடியிறதுக்கு முன்னால அவரு முடிஞ்சுட்டாரு. உன்னையக் குத்திக் காட்ட இதை எழுதல. உன் பேரைச் சொல்லித்தான் நாங்க எங்களுக்கே சமாதானம் சொல்லிக்கிட்டோம், அத நீ தெரிஞ்சுக்கணும்.

அப்பா கெட்டவர்னு நினைச்சிராத. ஏழைபாழைக்குச் சும்மா பாத்த கை அது. நல்ல மனுசன்தான் ஒரு நாள் கூச்சப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிருதான், அப்புறம் அந்த வார்த்தையக் காப்பாத்துறதுக்கே காலம் பூரா சரியாப் போகுது. கடைசி மாசத்துல படுக்கையில இருந்துக்கிட்டு, 'மிக்கேலு வந்தானா?'ன்னு கேப்பாரு. வரலன்னா முகத்தத் திருப்பிக்கிடுவாரு. கூப்பிட்டு விடவான்னு கேட்டா, வேண்டாம்பாரு. நான் அப்பவாவது போயிருக்கலாம். அவரு போன பிறகு இந்த மூணு வருஷத்துல எப்ப வேணும்னாலும் போயிருக்கலாம், தடுக்க யாரு இருக்கா? போகல. செத்தவர் பேரைக் கெடுக்கக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவும் சால்ஜாப்புதான்.

உன் லெட்டரைப் படிச்ச மறுநாள், புதன்கிழமை, அந்தக் கேப்பை ஒரு தீப்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு முத்தையாபுரம் பஸ் ஏறிட்டேன். ரோசம்மா கதவைத் தொறந்து, ஒரு முக்காலிய எடுத்துப் போட்டுட்டு உள்ள போயிட்டா. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். சாயங்காலம் அவன் வேலை முடிஞ்சு வந்தான். முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாக் காஞ்சு கெடக்கு. முடி நரைச்சுட்டு. நாப்பத்தி நாலு வயசுதான் மக்கா அவனுக்கு. என்னையப் பாத்துட்டு, 'என்ன, டாக்டர் வீட்டம்மா இந்தப் பக்கம்?'னான். அக்கான்னு சொல்லல. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிட்டேன். தீப்பெட்டியத் தொறந்து கேப்பை அவன் உள்ளங்கையில வச்சு, உள்ள பாருன்னேன். இது பூரா சிமெண்ட் இருந்திருக்கணும், இருந்தது காத்து. கரையில அது சும்மா கெடக்கும். நீ கீழ போகப் போகக் கடல் அழுத்தும்போது அந்த இடத்துல போயி நரம்பைப் புடிக்கும். கட்டியாப் போன சிமெண்டைத் தெரிஞ்சே கலக்கிக் கொடுத்தது நான். இறங்காத கேப்பை ராவி விட்டது உங்க அத்தான். உன் மேல ஒரு தப்பும் இல்லலன்னேன்.

அவன் கத்துவான், கேப்பை மூஞ்சியில எறிவான்னு நினைச்சுத்தான் போனேன். அதுக்குத் தயாராத்தான் போனேன். அவன் கத்தல. கேப்பை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் கேட்டான், 'அப்ப அது பயம் இல்லையாக்கா?'ன்னு. சின்னப் பிள்ளையில இருட்டைப் பாத்து எங்கிட்ட கேப்பான் பாரு, அந்தக் குரலு. இல்லலன்னேன். 'நெசமாவா?' மாதா மேல ஆணைன்னேன். கேப் கழண்ட பிறகாவது நீ ஒரு தடவை இறங்கிப் பாத்திருக்கக் கூடாதான்னு கேட்டேன். 'எதுக்குக்கா? பல்லுல இல்ல, மனசுலன்னு அத்தான் சொல்லிட்டாருல்ல. கேப் விழுந்தா மனசு மாறிருமா? ஊரு சொன்னத நான் நம்பல. அத்தான் படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு, நீயும் பக்கத்துல நின்ன, ஒண்ணும் சொல்லல. அதனால நானே நம்பிட்டேன், நான் பயந்தாங்கொள்ளின்னு.' வலிய நாங்க ரெண்டு வருஷம் கொடுத்தோம் மக்கா. இத ஏழு வருஷம் கொடுத்திருக்கோம். எனக்கு அழுகை வந்துட்டு. அவன் அழாதன்னு சொல்லல.

எந்திரிச்சு, 'ரோசம்மா, இங்க வா. அவளையும் கூட்டிட்டு வா'ன்னு மூத்த மகளைக் கூப்பிட்டான். அந்தப் புள்ளைக்கு இப்ப கல்யாணப் பேச்சு நடக்குதாம். ரெண்டு பேரையும் முன்னால நிக்க வச்சுட்டு, 'எக்கா, இப்பச் சொன்னத இன்னொரு தடவை சொல்லு'ன்னான். சொன்னேன். 'சத்தமாச் சொல்லு.' சத்தமாச் சொன்னேன். ரோசம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு, 'இதச் சொல்ல உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சா மதினி?'ன்னு கேட்டா. கிளம்புறேன்னு எந்திரிச்சேன். அப்ப மிக்கேல் சொன்னான், 'அத்தான் நாலு பேரு முன்னாலதான அத சொன்னாரு. நீ என் வீட்டுக்குள்ள வந்து, என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? வள்ளத்து ஆளுக எல்லாம் தீவுப் பக்கம் போயிருக்காங்க, வார ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கு வந்திருவாங்க. பூசை முடிஞ்சு எல்லாரும் கோயில் வாசல்ல நிப்பாங்க. அங்க வந்து சொல்லு. அதுக்கப்புறம் நான் உன் வீட்டுக்கு வாரதா வேண்டாமான்னு பாப்போம்.' சரின்னேன். பஸ்ஸுக்குக் கூட வரல. நான் தனியாத்தான் நடந்து வந்தேன்.

இப்ப உன் வாத்தியாருக்கு வாரேன். அவருக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியாது. ஒட்டினதுல பள்ளம் இருக்கலாம், நீ ராவினது கூடியிருக்கலாம், பிரிட்ஜைத் தாங்குற பல்லு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கலாம், நீ பாக்காத இன்னொண்ணா இருக்கலாம். நெசமாவே ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா எனக்குக் காரணம் புலப்படலங்கிறது வேற, உனக்கு வலியே இல்லங்கிறது வேற. முதலாவதைச் சொல்ல டாக்டருக்கு நாக்கு கூசும், ரெண்டாவது சுளுவா வந்துரும். நீ உன் கிளினிக் நோட்டுல அவரு விலாசத்தத் தேடு. லெட்டர் போடாத, ஆள் அனுப்பாத, நீயே நடந்து போ. அவரு வீட்டுல பெண்டாட்டி பிள்ளைங்க இருந்தா அவங்களையும் வச்சுக்கிட்டே சொல்லு. 'சார், உங்க மனசுல ஒண்ணுமில்ல, நான்தான் சரியாப் பாக்கல, வாங்க, கழட்டிப் பாப்போம்'னு சொல்லு. உன் கிளினிக் போனா போகட்டும்ல. உங்க அப்பாவோடது போகல, என்ன கண்டோம்?

என்னைய நினைச்சுக்கிட்டா எனக்கே சிரிப்பா இருக்கு. அம்பத்திரண்டு வயசுல கோயில் வாசல்ல நின்னு, கடல்காரங்க அத்தனை பேரு முன்னால, செத்துப்போன புருசன் தப்பையும் என் தப்பையும் வாய் விட்டுச் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நேத்துலருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பாக்குதேன், ரெண்டு வார்த்தைக்கு மேல வரமாட்டேங்கு. நீ கூட வந்து நில்லுன்னு கூப்பிடல. அங்கன உனக்கு வேலை இருக்கு. ஆனா அந்த ஞாயிறுக்கு முன்னால நீ வாத்தியாரு வீட்டுக்குப் போயிட்டு, போனேன்மான்னு ஒரே ஒரு கார்டு போட்டுரு மக்கா. அது கையில இருந்தா, அந்த வாசல்ல நான் தனியா நிக்கல, என் மகனும் நிக்கான்னு இருக்கும்.

அம்மா